பளபளப்பு போத்தலுக்குள் இல்லை

மரப் பேனா வைத்திருப்பவரா நீங்கள்? அல்லது வீட்டிலேயே சிறிய கடைசல் இயந்திரம் வைத்து மரப் பேனா கடைபவரா? இரண்டில் எதுவானாலும் இதைப் பார்த்திருப்பீர்கள். புதிதில் கண்ணாடிபோல் மின்னிய பேனா, சில மாதம் சட்டைப்பையில் கிடந்த பிறகு வேறு முகம் காட்டுகிறது. நுனியில் வெண்படலம் படர்ந்திருக்கிறது. விரல் பிடிக்கும் இடத்தில் பூச்சு சருகுபோல் உரிந்து நிற்கிறது. இன்னும் சில பேனாக்களில், பூசி ஒரு மாதமான பின்பும் விரல் ஒட்டுகிறது.

காரணம் கேட்டால் இரண்டு பதில்கள்தாம் வரும். ஒன்று, கை பழகவில்லை. மற்றொன்று, வாங்கிய பூச்சு மட்டமானது. அதனால் புதிதாகக் கற்பவர் மேலும் பத்துப் பேனா கடைந்து பார்க்கிறார். அல்லது இன்னும் விலை கூடிய போத்தலை வாங்குகிறார். இந்த இரண்டு பதில்களும் பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து. பூச்சு தோற்பதற்கான காரணம் மரத்துக்குள்ளும் நம்மைச் சுற்றியுள்ள காற்றிலும் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் செய்முறைக் குறிப்புகளில் பல, குளிரும் வறட்சியும் உள்ள நாடுகளின் பட்டறைகளில் உருவானவை. அங்குச் சரியாக வருவது இங்கும் வரும் என்று நம்பி அப்படியே செய்கிறோம்.

ஆகவே என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பசை கொண்ட மரத்தில், வீட்டுக்குள் வேலை செய்பவர்கள் சூப்பர் குளூ பூச்சைக் கைவிட வேண்டும். அரக்கை அடிப்பூச்சாகவும் நீர் கலந்த பாலியூரித்தேனை மேல்பூச்சாகவும் பயன்படுத்துவதே நம் தட்பவெப்பத்துக்கும் நம் நுரையீரலுக்கும் ஏற்றது. சூப்பர் குளூதான் வேண்டும் என்பவர்கள், போத்தலைத் திறக்கும் முன் காற்றின் ஈரத்தை அளக்க வேண்டும்.

ஒரு பேனாவுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். இடிக்கப்படும் தோட்ட வீட்டின் சன்னல் சட்டத்திலிருந்து ஒரு துண்டு செங்கால் மரம் உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பாட்டி வைத்திருந்த தேக்குப் பெட்டியின் உடைந்த மூடி. அதில் இரண்டு பேனாவுக்குத்தான் மரம் இருக்கிறது. பூச்சைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசும்போதெல்லாம் மரம் தேயும். பேனாவின் மரச் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பது வழக்கம். அதை எத்தனை முறை சுரண்ட முடியும்? பூச்சை மறுபடி வாங்கலாம். அந்த மரத்தை வாங்க முடியாது.

மரம் ஏன் அடம் பிடிக்கிறது?

மரத்தின் உடம்பு செல்லுலோஸ், லிக்னின் முதலிய பொருள்களால் ஆனது. இவை எல்லா மரத்துக்கும் பொது. ஆனால் மரம் வயதாகும்போது அதன் நடுப்பகுதி வைரம் பாய்கிறது. அப்போது பிசின், எண்ணெய், மெழுகு, பீனால், குயினோன் போன்ற பொருள்களை மரம் தன் திசுக்களில் நிரப்பிக்கொள்கிறது. கறையானும் பூஞ்சையும் அண்டாமல் காப்பவை இவைதாம். செங்கால் மரம் மழையிலும் வெயிலிலும் பல ஆண்டு நிற்பதற்கும், திரங்கானுவில் மரக்கலம் கட்டுபவர்கள் அதைத் தேடிப் போவதற்கும் இந்த இயல்பே காரணம். அதே மரத்திலிருந்துதான் டாமார் பெனாக் என்னும் பிசினும் கிடைக்கிறது.

தேக்கிலும் இதே கதைதான். அதில் டெக்டோகுயினோன் என்ற பொருளோடு, ரப்பரைப் போன்ற ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. புதிதாகச் சீவிய தேக்கைத் தடவினால் கையில் மெழுகுத் தன்மை தெரிவது அதனால்தான். ஈட்டி மரம் என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்லும் மரமும், நடு அமெரிக்காவின் கொக்கோபோலோவும், ஆப்பிரிக்கக் கருமரமும் ஒரே டால்பெர்ஜியா இனத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் எண்ணெயும் குயினோனும் மிகுதி. லிக்னம் வைட்டே என்ற மரமோ தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதன் பிசின் தானே வழுக்கலைத் தருவதால் ஒரு காலத்தில் கப்பல் உந்துவிசிறியின் அச்சுத் தாங்கிகளையே அதில் செய்தார்கள். எண்ணெய் விடாமலே வழுக்கும் மரத்தின் மேல் பூச்சு எப்படிப் பிடித்து நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நூறாண்டு அழியாமல் மரத்தைக் காப்பது எதுவோ, அதுவே நம் பூச்சைத் தள்ளிவிடுகிறது. ஆகவே அழகான மரம், உறுதியான மரம், பூசுவதற்குக் கடினமான மரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே மரமாக அமைந்துவிடுகின்றன.

பூச்சு காய்வதில் மூன்று வகை

எல்லாப் பூச்சும் “காய்கிறது” என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கு நடப்பவை வெவ்வேறு.

முதல் வகையில் கரைப்பான் ஆவியாகிப் போக, கரைந்திருந்த பொருள் படலமாக நின்றுவிடுகிறது. எரிசாராயத்தில் கரைத்த அரக்கும், லேக்கரும் இப்படிக் காய்பவை. நீர் கலந்த பாலியூரித்தேனும் ஏறக்குறைய இந்த வகைதான்; நீர் போனதும் அதில் மிதந்த நுண் துகள்கள் ஒன்றோடொன்று உருகினாற்போல் இணைகின்றன.

இரண்டாம் வகை, காற்றிலுள்ள உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, உறிஞ்சி இறுகுவது. ஆளி விதை எண்ணெய், துங் எண்ணெய், எண்ணெய் கலந்த வார்னிஷ் ஆகியவை இதில் அடங்கும். சங்கிலித் தொடராக நடக்கும் இந்த வினையை நிறுத்தக்கூடியவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். டால்பெர்ஜியா மரங்களின் பீனால்களும் குயினோன்களும் செய்வது அதே வேலையைத்தான். ஈட்டி மரத்தின் மேல் பூசிய எண்ணெய் வார்னிஷ் வாரக் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். இன்னொரு பூச்சு மேலே பூசினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அடியில் இருப்பது இறுகாதவரை மேலே இருப்பது நிலைக்காது.

மூன்றாம் வகை, சிறு மூலக்கூறுகள் தாமே கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக மாறுவது. சூப்பர் குளூ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிபார்ப்பிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருளைச் சந்தித்தார். தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார். பிறகு 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. மேற்பரப்பில் இருக்கும் சிறிதளவு ஈரமே இதை இறுக வைக்கிறது. அமிலத் தன்மை இருந்தால் தாமதமாகிறது. மரம் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை கொண்டது. அதோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்தால், பசை இறுகினாலும் மரத்தைப் பற்றுவதில்லை. எண்ணெயின் மேல் ஒரு கண்ணாடிக் குழாய் செருகியதுபோல் நிற்கிறது. பேனா கீழே விழும்போது ஓரத்தில் ஒரு செதில் பெயர்வது அப்போதுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எந்த நிறுவனத்தின் போத்தல் என்ற கேள்விக்கு முன்னால், எந்த வகையில் காயும் பூச்சு என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

நம் காற்றின் கணக்கு

அடுத்தது காற்று. நம் நாட்டில் 27 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் வழக்கமான நாளின் நிலை. மழை பெய்த மாலையில் ஈரப்பதம் அதற்கும் மேலே போகும். சூப்பர் குளூவுக்கு ஏற்றதாகச் சொல்லப்படுவதோ 40 முதல் 60 விழுக்காடு. நம் காற்றில் அது மேல்தோல் முந்தி இறுகிவிட, உள்ளே இருப்பது பிந்துகிறது. ஆவியாகும் பசையும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெண்பொடியாகத் திரும்பப் படிகிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. எண்ணெய் மரத்தைப் பூசும் முன் அசிட்டோனால் துடைக்கச் சொல்வார்கள். அது நல்ல அறிவுரைதான். மேற்பரப்பின் எண்ணெயை அசிட்டோன் கரைத்து எடுத்துவிடும். ஆனால் அசிட்டோன் வேகமாக ஆவியாவதால் மரத்தின் மேற்பரப்பு சட்டெனக் குளிர்கிறது. 27 பாகை, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 23 பாகை. ஆக, மேற்பரப்பு 4 பாகை குளிர்ந்தாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன் மேல் படியும். அந்த நேரத்தில் பசையைப் பூசினால் வெண்மை படராமல் என்ன செய்யும்? குளிரூட்டிய அறையில் 24 பாகை, 60 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனி படியும் வெப்பநிலை 16 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அங்கு 8 பாகை இடைவெளி கிடைக்கிறது. லேக்கரும் அரக்கும் மழைநாளில் வெளுத்துப்போவதற்கும் இதே குளிர்ச்சிதான் காரணம்.

மரத்துக்குள் இருக்கும் நீரும் காற்றைப் பொறுத்தே மாறும். 80 விழுக்காடு ஈரப்பதத்தில் மரம் தன் உலர் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும். 60 விழுக்காட்டில் அது 11ஆகக் குறையும். வறண்ட நாட்டுப் பட்டறையில் 8 விழுக்காடாகவும் இருக்கலாம். இறக்குமதியான துண்டை வாங்கிய அன்றே கடைந்தால், அது இங்கு ஈரம் உண்டு உப்பி, உலோக வளையத்தைவிட மேலே எழும்பி நிற்கும். திறந்தவெளிப் பட்டறையில் இருந்த துண்டைக் கடைந்து, பேனாவைக் குளிரூட்டிய அலுவலகத்தில் வைத்தாலோ நிலைமை தலைகீழ். மரம் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. நார் ஓடும் திசையில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். அதோடு பூச்சும் வெடிக்கும். அந்த வெடிப்புக்குப் பூச்சைக் குறை சொல்வது நியாயமா?

சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

இதுவரை சொன்னதைப் படித்தவர், “சரி, குளிரூட்டியைப் போட்டு, சன்னலை மூடிக்கொண்டு சூப்பர் குளூ பூசினால் போயிற்று” என்று நினைக்கலாம். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

சயனோஅக்ரிலேட் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். சிலருக்கு அது ஆஸ்துமாவைத் தூண்டுவதும் பணியிடங்களில் பதிவாகியிருக்கிறது. பளபளப்பான பேனாவுக்குப் பத்துப் படலம், பதினைந்து படலம் பூசுவது வழக்கம். ஒவ்வொரு படலமும் சுழலும் மரத்தின் மேல், முகத்துக்கு ஓரடி தூரத்தில் பூசப்படுகிறது. பூச்சுக்கு மூடிய, வறண்ட அறை வேண்டும். நுரையீரலுக்குத் திறந்த சன்னல் வேண்டும். தனிப் பட்டறையும், புகையை வெளியே இழுக்கும் குழாயும், ஈரம் நீக்கும் கருவியும் வைத்திருப்பவர் இரண்டையும் சமாளிப்பார். வீவக வீட்டின் ஓர் அறையிலோ, அடுக்குமாடியின் பின்கட்டிலோ இயந்திரத்தை வைத்திருக்கும் ஒருவரால் முடியாது. அதே அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள், படுக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பருத்தித் துணியில் சூப்பர் குளூ பட்டால் வினை வேகம் பிடித்துத் துணி சூடேறும். விரலைச் சுட்டுவிடும், புகையும். காகிதக் கைத்துண்டைப் பயன்படுத்துவது அதனால்தான். இதையும் சேர்த்துப் பார்த்தால், பேனா கடையக் கற்றுக்கொள்ளும் இளையருக்கு முதல் பூச்சாகச் சூப்பர் குளூவைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரக்கு என்னும் இடையாள்

நான் முன்வைக்கும் வழியில் புதுமை ஏதும் இல்லை. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெப்பாலை மரப் பொம்மைகளைக் கடையும்போது, சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அது உருகிப் படர, தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் கடைசலும் அரக்கும் சேர்ந்த வேலைதான். இயந்திரத்தில் சுழலும் மரத்துக்கும் அரக்குக்கும் உள்ள உறவு நம்மவர்களுக்குப் பழையது.

எண்ணெய் மரத்தில் அரக்கு ஏன் நிற்கிறது? அது கரைப்பான் ஆவியாவதால் காய்வது. மரத்தின் குயினோன்கள் தடுத்து நிறுத்த அங்கு வேதிவினை எதுவும் இல்லை. அது பலவகை மேற்பரப்புகளையும் நன்றாகப் பற்றும். மரத்தின் எண்ணெய் மேலே வராமல் கதவடைத்தும் நிற்கும். மேலே வரும் பூச்சும் அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒரு நிபந்தனை உண்டு: மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும். மெழுகு இருந்தால் மேல்பூச்சு வழுக்கும்.

அப்படியானால் அரக்கை மட்டுமே பூசிவிட்டால் என்ன? பொம்மைக்குச் சரி, பேனாவுக்குப் போதாது. அரக்கு எரிசாராயத்தில் கரைவது. கைத்தூய்மித் திரவத்திலும் பெரும்பங்கு அதே சாராயம்தான். கையைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு பேனாவைப் பிடித்தால் அரக்கு இளகிவிடும். அதனால்தான் மேலே பாலியூரித்தேன் வேண்டும். நீர் கலந்த வகை என்றால் வாடை குறைவு. குளிரூட்டிய அறையில் பூசலாம். நீர் பட்டு மரத்தின் நார் எழும்பாமல் அடியிலுள்ள அரக்கு பார்த்துக்கொள்ளும்.

செய்யும் முறை

முதலில் மரத்துண்டைத் துளையிட்டு, பேனா எங்குப் பயன்படுமோ அதுபோன்ற அறையில் வையுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுத்துக் குறியுங்கள். எடை மாறாமல் நின்றால் துண்டு தயார். அதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். நாள்காட்டியை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள்.

கடைந்த பின் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்காதீர்கள். சூடேறினால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வரும். தாளின் மணலும் அடைத்துக்கொள்ளும். குறைந்த வேகத்தில், இலேசான கையால் 600 எண் தாள் வரை போனால் போதும். பிறகு அசிட்டோன் நனைத்த வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். காகிதத்தில் நிறம் ஏறுவது குறையும்வரை புதுக் காகிதம் எடுத்துத் துடையுங்கள். மரத்தை இரண்டு மூன்று நிமிடம் சும்மா சுழலவிட்டால் குளிர்ச்சி போய் அறை வெப்பத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு தாமதிக்க வேண்டாம். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால், உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடும்.

அரக்குக்கு, 100 மில்லிலிட்டர் எரிசாராயத்தில் 12 கிராம் அளவு சில்லு போதும். மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். கரைத்த அரக்கு நாளாக நாளாக இறுகும் தன்மையை இழக்கும். போத்தலில் தேதி எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். துண்டின் இரு முனைகளிலும் அரக்குப் பூச மறக்காதீர்கள். மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முனையில் ஈரம் குடிக்கும். வெண்படலம் எப்போதும் நுனியில் தொடங்குவது அதனால்தான்.

பிறகு பாலியூரித்தேன், ஆறு முதல் எட்டு மெல்லிய படலம். படலங்களுக்கு இடையே போத்தலில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாகவே விடுங்கள். கடைசிப் படலத்துக்குப் பின் குறைந்தது ஒரு வாரம் காத்திருங்கள். பேனாவை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். வாடை வந்தால் உள்ளிருந்து இன்னும் ஏதோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் மெருகேற்றினால், பூச்சு பின்னர் சுருங்கி, பளபளப்பு மங்கும். பூச்சு தன் முழு வலிமையைப் பெற மூன்று, நான்கு வாரம் ஆகும்.

மெருகு என்பது ஒளியின் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். 400 எண் உப்புத்தாளின் மணல் சுமார் 35 மைக்ரான். அது விடும் கீறல்களில் ஒளி சிதறி மங்கலாகத் தெரிகிறது. கீறலின் ஆழம் அலைநீளத்தைவிட நன்றாகக் குறைந்தால்தான் மேற்பரப்பு கண்ணாடியாகிறது. ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறலை முழுதாக நீக்கிய பிறகே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதன் பொருள் இதுதான். இடையில் ஒன்றைத் தாவினால் எத்தனை மெருகுக் குழம்பு தேய்த்தாலும் அந்தக் கீறல் வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். அசிட்டோனும் எரிசாராயமும் எளிதில் தீப்பிடிப்பவை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் வகைப்படுத்தியது. கொக்கோபோலோவின் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் தரும். முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

எதிர்வாதங்கள்

“இருபது ஆண்டாகச் சூப்பர் குளூ பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேப்பிள் போன்ற எண்ணெய் இல்லாத மரத்தில் அது நன்றாகவே நிற்கும். நம் ரப்பர் மரமும் அத்தகையதே. நம் முன்னோர் பால் வெட்டிய அதே மரம், பால் வற்றிய பிறகு வெட்டப்பட்டு நாற்காலியாகவும் மேசையாகவும் உலகெங்கும் போகிறது. எல்லாப் பூச்சையும் மறுக்காமல் ஏற்கும் மரம் அது. புதிதாகக் கற்பவர் அதில் தொடங்குவது நல்லது. ஒரு மரத்தின் அனுபவத்தை இன்னொரு மரத்துக்குச் சட்டமாக்குவதைத்தான் நான் மறுக்கிறேன்.

“எண்ணெய் மரத்துக்குப் பூச்சே வேண்டாம், தேய்த்து மெழுகு போட்டால் போதும்” என்பது இன்னொரு வாதம். இதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆப்பிரிக்கக் கருமரத்தையும் லிக்னம் வைட்டேயையும் நன்றாக இழைத்தால் அவை தாமே மின்னும். ஆனால் அது மென்மையான மினுமினுப்பு. வியர்வை பட்டு மங்கும், மறுபடி தேய்க்க வேண்டும். அப்படிச் சொல்லி விற்றால் குறையில்லை. நீடித்த பளபளப்பு என்று சொல்லிவிட்டு மெழுகைத் தடவிக் கொடுப்பதுதான் தவறு.

“நான்கு வாரம் காத்திருந்தால் எப்படிப் பிழைப்பது?” என்று சந்தையில் விற்பவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு பேனாவுக்கு நான்கு வாரம் என்பது நான்கு வாரத்துக்கு ஒரு பேனா என்று ஆகாது. வரிசையாக முப்பது பேனா காய்ந்துகொண்டிருக்கலாம். தாமதம் முதல் மாதத்தில் மட்டுமே.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

என் சொல்லையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோதித்துப் பாருங்கள். அதே மரத்தில் வெட்டி எஞ்சிய துண்டை எடுத்து, பாதியில் ஒரு முறையும் மறுபாதியில் இன்னொரு முறையும் பூசுங்கள். நன்றாக இறுகிய பின் கூரிய கத்தியால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழியுங்கள். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென உரியுங்கள். எந்தப் பாதியில் கட்டங்கள் பெயர்கின்றன என்று பாருங்கள். வண்ணப்பூச்சுத் தொழிலில் ஐஎஸ்ஓ 2409 என்ற தரநிலையாக இருப்பது ஏறக்குறைய இதே சோதனைதான். இன்னொரு துண்டை ஒரு மாதம் வெயில்படும் சன்னலோரத்தில் வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று 20 வெள்ளிக்குள் கிடைக்கும். விலை கூடிய எந்தப் போத்தலையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மரப் பேனா வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன மரம்? மேலே என்ன பூச்சு? பூசி எத்தனை நாளாகிறது? மரத்தின் பெயரைக் கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அளவுக்கு மீறி வெட்டப்படுவதே காரணம். அத்தகைய மரத்தை எடுத்து, ஆறு மாதத்தில் உரியும் பூச்சைப் பூசிக் குப்பைக்கு அனுப்புவது மரத்துக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

கடைபவர்களே, ஒவ்வொரு பேனாவோடும் ஒரு சிறு சீட்டு வையுங்கள். அதில் மரத்தின் பெயரும், பூச்சின் பெயரும், பூசி முடித்த தேதியும், எதால் துடைக்கக் கூடாது என்பதும் இருக்கட்டும். தன் வேலையின் மேல் நம்பிக்கை உள்ளவருக்கு அந்த நான்கு வரி எழுதுவது சிரமமாக இருக்காது.